கதவை இழைக்க மாட்டேன்

கண்ணா,

நேற்று போனில் வாசல் கதவு மழைக்கு இறுகிப்போய்த் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், நீ உடனே யாரையாவது கூப்பிட்டு இழைக்கச் சொல்லும்மா, பணம் அனுப்புகிறேன் என்றாய். இழைக்க மாட்டேன். அப்பா இருந்திருந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பார். ஈரக்காற்றுக்கு மரம் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. இடிக்கிறதே என்று இப்போது சீவிவிட்டால் வெயில் வந்ததும் இளைத்துச் சந்து விழும், அப்புறம் சீவின மரத்தை யார் ஒட்டுவது என்பார். இதையே சொல்லி எத்தனை வீட்டில் கைக்கு வந்த வேலையை வேண்டாமென்று திரும்பியிருக்கிறார் தெரியுமா? எனக்குக் கோபமாக வரும்.

நம் கட்டில் கதை உனக்குத் தெரியாது. அதற்கு வாங்கிய பலகைகள் 2 வருஷம் சுவரோரம், காற்றுப் போக நடுநடுவே குச்சி வைத்து, அடுக்கியே கிடந்தன. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷமாவது காய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊருக்கெல்லாம் கட்டில் செய்கிறவர் வீட்டில் நாம் பாயில் படுத்திருந்தோம். நீ நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது கட்டிலானது. ஓர் ஆணி கிடையாது. காலில் துளை, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி அதில் இறக்கி, குறுக்கே ஒரு மரமுளை, அவ்வளவுதான். இன்றுவரை ஒரு கிறீச் சத்தம் இல்லை.

அவருடைய இடது ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பென்சில் சீவும்போது கூடுதலாகச் சீவிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தார், நீயும் நம்பி, மனிதனுக்கு ஒன்பதரை விரல் என்று வகுப்பில் சொல்லி அடி வாங்கி வந்தாய். நடந்தது வேறு. உனக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு சாயங்காலம், இந்த ஒரு பலகையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று அறுப்பு மிஷினில் அவசரமாகத் தள்ளியிருக்கிறார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தவர் முதலில் உன் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார். பையனிடம் சொல்லாதே என்றார். சொல்லவில்லை, இத்தனை வருஷமாக.

சரி, சாமான் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி உளிகள், ரம்பம், கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாவற்றையும் அவரிடம் வேலை பழகிய பையனுக்கே கொடுத்துவிட்டேன். உளியை வாங்கியதும் கட்டைவிரலால் கூர் பார்த்தான், அப்படியே அப்பா மாதிரி, நான் உள்ளே போய்விட்டேன். இழைப்புளியை மட்டும் கொடுக்கவில்லை. அவர் பெருவிரல் அழுத்துகிற இடத்தில் கட்டை குழிந்து வழவழவென்று இருக்கிறது. சீவலின் வழியே வெளிச்சம் தெரிந்தால்தான் அவருக்குக் கூர் சரி. அந்தச் சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு நீ ஆடுவாய், மரத்தூளோடு அப்படியே உன்னைத் தூக்கிக்கொள்வார், துவைக்கிறவள் நான்.

லீவு கிடைத்தால் வா. மழை விட்டிருக்காவிட்டால் கதவைக் கையால் தள்ளிக்கொண்டு நிற்காதே, கீழ்மூலையில் முழங்காலால் ஒரு முட்டு முட்டினால் திறந்துவிடும். அப்பா அப்படித்தான் திறப்பார்.

அம்மா