சோதனையில் தேறிய சாலை ஏன் உடைகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தார்ச்சாலைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோதனைக்கூடத்தில் தேறிய கலவையைப் போட்டும் சாலை சீக்கிரமே குண்டும் குழியுமாகிவிட்டது, அப்படியானால் சோதனை என்பதே வெறும் சடங்குதானே என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். தார்க்கலவைகளைச் சோதிக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 'தேறியது' என்றால் எந்தச் சோதனையில், எந்தக் கலவை தேறியது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

பல இடங்களில் இன்றும் தேறியது என்றால் மார்ஷல் சோதனையில் தேறியது என்றுதான் பொருள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல் 1930களின் கடைசியில் உருவாக்கிய முறை இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான ஓடுபாதைகளுக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இதை எடுத்து வளர்த்தார்கள். நாலு அங்குல விட்டமுள்ள அச்சில் சூடான கலவையைக் கொட்டி, நாலரை கிலோ சுத்தியலால் பக்கத்துக்கு 75 அடி கொடுக்கிறோம். அப்புறம் 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, எடுத்து, அழுத்தி உடைக்கிறோம். எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பது ஸ்டெபிலிட்டி, அதற்குள் எவ்வளவு நசுங்கியது என்பது ஃப்ளோ. கலவையில் பிட்டுமென், அதாவது ஜல்லியை ஒட்டவைக்கும், நாம் பேச்சில் தார் என்று சொல்லும் கருப்புப் பசை, எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்ய இது இன்றைக்கும் கைகொடுக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஸ்டெபிலிட்டி எண் கூடக்கூடச் சாலை உறுதியாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. பிட்டுமென்னை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்தால்கூட அது இறுகிப்போய் அந்த எண்ணை ஏற்றிவிடும். அப்படிப்பட்ட கலவை சாலையில் சீக்கிரம் விரிசல் விடும். மேலும், மார்ஷல் எந்திரம் மாதிரியை ஒரே அழுத்தில் உடைத்துவிடுகிறது. சாலையிலோ கனரக வண்டிகளின் சக்கரம் லட்சக்கணக்கான தடவை அதே தடத்தில் ஏறி இறங்குகிறது. வெயில் இளக்குகிறது, மழைநீர் உள்ளே இறங்குகிறது. இதெல்லாம் சேர்ந்து கலவையை என்ன செய்யும் என்று அந்த ஓர் எண் சொல்லாது.

அதைச் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன. ஹாம்பர்க் சக்கரச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறந்த முறை. கலவையை வில்லையாக இறுக்கி, பெரும்பாலும் 50 டிகிரி வெந்நீருக்குள் வைத்து, அதன்மேல் 47 மில்லிமீட்டர் அகல இரும்புச் சக்கரத்தை 705 நியூட்டன் சுமையோடு, அதாவது சுமார் 72 கிலோ எடையோடு, முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். நிமிடத்துக்கு 52 தடவை வீதம் 20,000 தடவை. முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளம் எவ்வளவு ஆழமாகிறது என்பதை எந்திரம் வரைபடமாகப் போட்டுக்கொண்டே வரும். நல்ல கலவையில் கோடு மெதுவாக, ஒரே சாய்வில் இறங்கும். தண்ணீரைத் தாங்காத கலவையில் ஓரிடத்தில் கோடு சட்டென்று மடங்கிச் செங்குத்தாக விழத் தொடங்கும். அந்த இடத்தில்தான் பிட்டுமென் ஜல்லியை விட்டுப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. கட்டுரையாளர் பார்த்த குழிகளில் எத்தனை இப்படித் தொடங்கியவையோ! கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்களுக்குப் பிட்டுமென்னைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். நீற்றுச் சுண்ணாம்பை ஒன்று, ஒன்றரை சதவீதம் சேர்த்தாலே பல கலவைகள் திருந்திவிடும். ஆனால் சோதித்துப் பார்த்தால்தானே குறை தெரியும்?

விரிசலுக்குத் தனிச் சோதனை வேண்டும். இங்கே முக்கியமானது முதுமை. கலவையை 85 டிகிரி அடுப்பில் ஐந்து நாள் வைத்தால், சாலையில் பல ஆண்டு கிடந்து இறுகியதற்கு ஓரளவு ஈடான நிலைக்கு அது வந்துவிடும். அப்படி முதிர்ந்த வில்லையை 25 டிகிரியில், நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிளக்கும் முறை டெக்சாஸில் உருவானது. பிளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உச்சத்தைத் தொட்ட பிறகு விசை எப்படி இறங்குகிறது என்பதைத்தான் இதில் பார்க்க வேண்டும். சடாரென்று விழுந்தால் கலவை நொறுங்கும் தன்மையுடையது.

பள்ளத்தைத் தடுப்பதும் விரிசலைத் தடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். பிட்டுமென்னைக் குறைத்தால் தடம் பதிந்து பள்ளமாவது குறையும், விரிசல் கூடும். கூட்டினால் நேர்மாறு. ஆகவே இரண்டையும் ஒருசேரச் சோதித்து நடுவில் ஒரு கலவையைப் பிடிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. இதை எல்லா முக்கியச் சாலைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. சோதனைக்கூடத்தில் ஜல்லியைக் கழுவி, உலர்த்தி, கிராம் கணக்கில் அளந்து கலக்கிறோம். ஆலையில் ஈர ஜல்லியும் தூசியும் சேர்ந்தே வரும். தேறியது முதல் கலவை, சாலையில் விழுந்தது இரண்டாவது. அதனால் ஆலையிலிருந்து கிளம்பும் வண்டியிலிருந்தே மாதிரி எடுத்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய வேண்டும்.

அதுவும் தேறி, ரோலர் ஓட்டுவதற்குள் கலவை ஆறிவிட்டால் அது சரியாக இறுகாது, அவ்வளவும் வீண். அச்சில் 4 சதவீதம் காற்றிடைவெளி வருமாறு வடிவமைக்கிறோம். போட்டு முடித்த சாலையில் 7 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. 8ஐத் தாண்டினால் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழிவிடும். 7க்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சாலையின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு போகும் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

எனவே உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு சாலை உடைந்தால் அதிகாரிகளிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள். ஆலைக் கலவையின் சக்கரச் சோதனை வரைபடம், முதிர்ந்த வில்லையின் விரிசல் சோதனை முடிவு, சாலையைத் துளைத்தெடுத்த மாதிரிகளின் காற்றிடைவெளிக் கணக்கு. மூன்றும் இருந்தால் தவறு எங்கே நடந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால், ஏன் செய்யவில்லை என்று எழுதுங்கள்.

அன்புடன்,
சோதனைக்கூடத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்