பாப்பாவுக்கு வந்த இன்சூரன்ஸ் வேலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திராதே, டாக்டரைப் பார்.

பாப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். "சேரட்டுமா, வேண்டாமா, ஒரு வரியில் சொல்லு" என்கிறாய். இன்சூரன்ஸில் நான் ஓட்டிய 26 வருஷத்தை ஒரு வரியில் எப்படியடா சொல்வது?

முதலில் ஆஃபர் லெட்டரில் எந்தப் பிரிவு என்று பார். விற்பனை என்றால் யோசிக்கச் சொல். மாதம் பிறந்தால் டார்கெட். மார்ச் வந்தால் வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் சித்தப்பா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என்று பாலிசி எடுப்பார்கள். அவர்கள் தீர்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஒரு காலத்தில் நான் கல்யாண மண்டபத்தில் நுழைந்தாலே பாதிப் பேர் அவசரமாகப் பந்திக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கிளைம் பிரிவு, அதாவது இழப்பீடு கேட்டு வரும் ஃபைல்களைப் பார்க்கும் பிரிவு என்றால் தாராளமாகச் சேரட்டும். ஆனால் அங்கே வேறு விதமான கஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரோடு வேளச்சேரிப் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வரிசையாகக் கார்கள், எல்லாவற்றிலும் ஸ்டியரிங் உயரத்துக்குச் சேற்றுக்கோடு, சாக்கடை வாடை. ஒருவர் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டார். சர்வேயர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது, இன்ஜினுக்குள் தண்ணீர். வெள்ளத்தில் நனைந்த சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் உண்டு. தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதற்கென்று தனி கவர் எடுத்திருக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகப் பாலிசி விற்றவர் சொல்லவும் இல்லை. "பத்து வருஷமாகக் கட்டுகிறேனே சார்" என்றார். இன்ஜினுக்குப் பணம் கிடையாது என்று விதிப்படி நான் எழுதிய நோட் சரிதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே நாற்காலியில் நல்லதும் நடக்கும். லாரி மோதிக் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு, தீர்ப்பாயத்தில் நாலு வருஷம் இழுத்தது, ஒரு சனிக்கிழமை, சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் அரை மணி நேரத்தில் முடிந்தது. தொகையை ஏற்றிக் கொடுக்கலாம் என்று நான் எழுதியிருந்த ஃபைல் அது. அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அது போதும்.

சம்பளம் தேதி தவறாது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. அப்புறம் ஒன்று: மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வுகளை, லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் என்று வரிசையாக, கல்யாணத்துக்கு முன்பே எழுதிவிடச் சொல். கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும். நான் சோம்பேறித்தனத்தில் அசோசியேட்டோடு நின்றுவிட்டேன், எனக்குப் பின்னால் வந்தவன் இன்று எனக்கு மேலதிகாரி.

எதற்கும் ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையே மாமாவுக்கு போன் போடச் சொல். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முட்டி முற்றுவதற்குள் ஒன்று எடுத்து வை. பழக்கதோஷம், விட மாட்டேன் என்கிறது.

உன்,
பழைய ரூம்மேட்