பண்ணைக்கீரையைக் களை என்று மட்டும் எழுதாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பணியாற்றும் வேளாண்மை – உழவர் நலத்துறை அலுவலர்களுக்கு, பல்லடம் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருக்கும் ஓர் உழவனின் வணக்கம்.

பண்ணைக்கீரையைப் பற்றி உங்களிடம் சில சொல்ல வேண்டும். மழை விழுந்து சோளம் விதைத்த காட்டில், பயிரோடு பயிராக முளைத்து வரும் அந்தச் செடியை நீங்கள் நன்றாக அறிவீர்கள். நீண்டு ஒடுங்கிய இலையும், அடியில் வெள்ளி நிறமாகவும் நுனியில் இளஞ்சிவப்பாகவும் கதிர்போல் நிமிர்ந்து நிற்கும் பூவும் அதன் அடையாளங்கள். அழகுக்காக வீட்டு வாசலில் வளர்க்கிற கோழிக்கொண்டையும் இதே இனந்தான். ஆனால் உங்கள் பயிற்சிகளில் இச்செடியின் பெயர் எனக்குக் கேட்டதெல்லாம் 'அகன்ற இலைக் களைகள்' என்ற தலைப்பின் கீழ்தான்.

எங்கள் வீட்டில் அது களையாக இருந்ததில்லை. களை வெட்டப் போன என் அம்மா, மாலையில் திரும்பும்போது மடி நிறையப் பண்ணைக்கீரையும், கூடவே கொஞ்சம் தொய்யக்கீரையும் குமுட்டிக்கீரையும் கொண்டுவருவார். பூ எடுப்பதற்கு முந்திய இளங்கொழுந்தாகப் பார்த்துத்தான் கிள்ளுவார். முற்றிய செடியில் நார் ஏறிவிடும், கசப்பும் வந்துவிடும். துவரம்பருப்பைப் பாதி வேகவைத்து, கீரையையும் சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் போட்டு, கீரை குழைந்தபின் துளிப் புளி சேர்த்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து, கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் கடைசல் ஆயிற்று. சோளச்சோற்றுக்கும் கம்மஞ்சோற்றுக்கும் ராகிக்களிக்கும் அதற்கு ஈடான இணை வேறில்லை என்பது என் எண்ணம். விலை கொடுத்துக் காய் வாங்க முடியாத மாதங்களில் எங்கள் சட்டியை நிறைத்தது இந்தக் கீரைதான்.

சொந்தக் காடு இல்லாத பெண்களுக்கு இது இன்னும் பெரிது. களை வெட்டுகிறவர் காட்டுக்கீரையைப் பறித்துக்கொண்டு போவதை எந்தப் பண்ணையக்காரரும் தடுத்ததில்லை. எந்தக் கணக்கிலும் ஏறாவிட்டாலும், அது அவர்கள் கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பிற இடங்களில் இச்செடிக்குள்ள மதிப்பையும் பாருங்கள். கன்னடத்தில் இதை அண்ணே சொப்பு என்கிறார்கள். சொப்பு என்றால் கீரை. தெலுங்கில் இதன் பெயர் குனுகு. தெலங்கானாவில் பதுகம்மா விழாவுக்குப் பெண்கள் அடுக்கும் முதன்மையான பூக்களில் குனுகுப்பூவும் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜீரியாவில், இதைப் பாத்தி கட்டி விதைத்து, கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். அங்கே பயிராக இருப்பது இங்கே வெறும் களையாகிவிட்டது.

கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் பரவி, நாட்டுச்சோளக் காடுகள் சுருங்கின. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஆகவே விதைத்த சில நாட்களுக்குள் அட்ராசின் என்ற களைக்கொல்லி மருந்தைத் தெளிக்கிறோம். சோளமும் மக்காச்சோளமும் அந்த மருந்தைத் தம் உடலுக்குள்ளேயே சிதைத்துத் தப்பித்துக்கொள்கின்றன. பண்ணைக்கீரையால் அது முடியாது. தப்பி முளைத்ததைப் பிறகு 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி கவனித்துக்கொள்கிறது. நானும் தெளித்தவன்தான், பண்ணைக்கீரை அடர்ந்தால் சோளத்தின் விளைச்சல் குறையும் என்பதையும் மறுக்கவில்லை. மருந்தையே விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை.

சோளத்தில் பயறு வகைகளை ஊடுபயிராகப் போட்டால் அட்ராசின் தெளிக்கக் கூடாது என்று உங்கள் பரிந்துரையே சொல்கிறது. பயறுக்காக ஒரு வரி எழுத முடிந்த இடத்தில் கீரைக்காக இன்னொரு வரி எழுத முடியாதா? வரப்போரம் நான்கு சால்களை மருந்து படாமல் விட்டால் வீட்டுக்கும் களை வெட்டுகிறவர்களுக்கும் கீரை கிடைக்கும் என்றும், மருந்து தெளித்த காட்டில் கீரை பறிக்கக் கூடாது என்றும் துண்டறிக்கையில் அச்சிடுங்கள். இரண்டாவது வரி உயிர் தொடர்பானது. பழக்கத்தில் கீரை கிள்ளப் போகிறவருக்கு, எந்தக் காட்டில் நேற்று மருந்தடித்தார்கள் என்பது தெரிவதில்லை.

இன்னொரு கோரிக்கை சந்தையைப் பற்றியது. சென்ற ஆண்டு ஓர் உழவர் சந்தையின் வாசலில், பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கட்டுக்கட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எழுந்து போகச் சொன்னதைப் பார்த்தேன். அவரிடம் அடையாள அட்டை இல்லை. நிலமும் அதில் விளையும் பயிரும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அட்டை தரப்படுகிறது. நிலமே இல்லாதவர் எதைக் காட்டுவார்? 1999இல் இச்சந்தைகள் தொடங்கப்பட்டது, விளைவிப்பவர் இடைத்தரகர் இல்லாமல் நேராக விற்பதற்காகத்தான். காடு காடாக அலைந்து பறித்து வந்தவருக்கும் உண்பவருக்கும் நடுவிலும் இடைத்தரகர் எவருமில்லை. ஊராட்சியின் சான்றை ஏற்று, காட்டுக்கீரை கொண்டுவரும் பெண்களுக்குச் சந்தைக்குள் காலை நேரத்தில் ஒரு திண்ணையை ஒதுக்க உங்கள் துறையால் முடியும்.

வரும் ஆடிப்பட்டத்துக்கு முன் நீங்கள் நடத்தும் பயிற்சிக்கு, எங்கள் ஊரில் இன்னும் களைக்கொத்து பிடிக்கிற பெண்களையும் அழையுங்கள். எந்தச் செடியை எந்தப் பருவத்தில் கிள்ளலாம், எதை எதனோடு சேர்த்துக் கடையலாம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, உங்கள் களைப் பட்டியலில் அந்தந்தப் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பல்லடம் பகுதி மானாவாரி உழவன்