யாராவது பாருங்க: திருகோணமலைத் தொண்டு நிறுவனங்களின் திட்ட முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட முகாமையாளர்களுக்கு,

வணக்கம். இம்மாவட்டத்தில் பல ஆண்டுகளாகக் கள உத்தியோகத்தராகப் பணியாற்றி வருகிறேன். நமது அன்றாட வேலைகள் வட்ஸ்அப் குழுக்களில் பிறந்து, எவர் பொறுப்பிலும் சேராமல் அங்கேயே மறைந்துபோவதைப் பற்றி முறையிடவே இதை எழுதுகிறேன். குச்சவெளியில் ஒருவர், வெருகலில் ஒருவர், கிண்ணியாவில் இருவர் என்று நாம் சிதறி நிற்பதால், குழு இல்லாமல் நமது வேலை ஒரு நாளும் நகராது. அதைக் கைவிடும்படி நான் கேட்கவில்லை.

கடந்த மாரியில் மூதூர்ப் பக்கத்து முன்பள்ளி ஒன்றுக்கு ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, "தாங்கியை நாளைக்கு அனுப்பணும், யாராவது பாருங்க" என்று குழுவில் செய்தி வந்தது. ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினோம். அவர்களில் நானும் ஒருவன். வாகனம் ஒழுங்கு செய்பவர் பார்ப்பார் என்று களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணினார். களஞ்சியத்திலிருந்து அழைப்பு வரும் என்று வாகனப் பொறுப்பாளர் காத்திருந்தார். விடிவதற்குள் வெள்ளப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் அச்செய்தியை மேலே தள்ளிவிட்டன. ஒன்பது நாள் அந்தத் தாங்கி களஞ்சிய முற்றத்தில், மூடியில் ஒட்டிய விலைத்துண்டு மழையில் ஊறி உரியும்வரை கிடந்தது. "தம்பி, பிள்ளைகள் வீட்டிலயிருந்து போத்தல்ல தண்ணி கொண்டு வாறாங்க" என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னபோதுதான், ஆறு பேர் ஒப்புக்கொண்ட வேலையை ஒருவரும் ஏற்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

வட்ஸ்அப்பில் 2014 முதல் தோன்றும் நீலக் குறி ஒருவர் செய்தியைத் திறந்தார் என்பதை மட்டுமே காட்டும். வேலையைப் பொறுப்பேற்றார் என்று காட்டாது. ஒரு செய்தியைக் குழுவின் மேலே பொருத்தி (pin) வைக்கலாம். ஆயினும் ஒரே நேரத்தில் மூன்று செய்திகளைத்தான் வைக்க முடியும், அதிக காலம் என்றால் 30 நாட்கள். பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஓடும் வேலைகளுக்கு அது எப்படிப் போதும்? குரல் பதிவு இன்னும் சிக்கலானது. அதற்குள் சொல்லப்பட்ட திகதியைப் பின்னர் தேடி எடுக்க முடியாது. நம் குழுக்களில் உள்ள சிங்களம் பேசும் சக ஊழியர்களில் பலருக்குத் தமிழ்க் குரல் பதிவால் பயனும் இல்லை. (அவர்கள் அனுப்பும் பதிவுகள் முன் நம்மில் பலரும் அப்படித்தான் நிற்கிறோம்.)

கூகுள் சாட், மைக்ரோசொப்ட் டீம்ஸ் போன்றவற்றில் ஒரு செய்தியையே பணியாக மாற்றி, அதற்கு ஒரு பெயரும் திகதியும் இட்டு, முடிந்ததும் குறியிட்டு மூடலாம். மடிக்கணினியுடன் இருப்போருக்கு அது பெரும் உதவி. வெருகலில் வாய்க்கால் வரம்பில் நின்றுகொண்டு, சிறிய டேட்டா பக்கேஜுடன் வேலை பார்ப்பவருக்கு இன்னுமொரு செயலி வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்குத் தேவைப்படுவது ஒரு வழக்கம்தான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: குழுவில் நீங்கள் இடும் ஒவ்வொரு பணிப்பிலும் ஒரே ஒருவரின் பெயரை அட் (@) குறியுடன் சுட்டி, திகதியையும் இடத்தையும் எழுத்தில் குறிப்பிடுங்கள், அவர் அச்செய்திக்கே பதிலாக "ஏற்கிறேன்" என்றும், முடிந்ததும் அதே செய்திக்குப் பதிலாக "முடிந்தது" என்றும் எழுதட்டும். கட்டைவிரலைப் பதிலாகக் கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை காலையில், அலுவலகத்தில் ஒருவர் இன்னும் முடியாத வேலைகளை ஒரு பொதுத் தாளில் எழுதி, படமாகக் குழுவில் இடட்டும். தாமதத்தைப் பற்றிக் கேட்பதானால் அவரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள்; நாற்பது பேர் முன் கேட்டால், அடுத்த முறை தடங்கல் வரும்போது அவர் மறைக்கவே பார்ப்பார். இரவில் தோன்றும் வேலைகளை, வெள்ள அவசரம் தவிர, காலையில் அனுப்புங்கள்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், செப்டெம்பர் மாதக் கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் நான்கு திங்கட்கிழமைகளுக்கும் அந்தத் தாளை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இவ்வண்ணம்,
கள உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை