முன்னாள் ஊழியரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசன் முடிந்ததும் நீலகிரியின் விடுதிகளிலும் ரிசார்ட்டுகளிலும் பணியாற்றிய இளைஞர்கள் பலர் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களுடைய பின்னணியை விசாரிக்கும் தொலைபேசி அழைப்புகள் அடுத்த சில வாரங்களில் இங்கே வரத் தொடங்கும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள், இத்தகைய விசாரணைகளுக்குத் தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பிவிடுகின்றன. குன்னூரில் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவைக் கவனித்துவரும் எனக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. இக்கடிதத்தில் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் அதனால்தான்.

கட்டுப்பாட்டை நான் குறை கூறவில்லை. பழைய மனத்தாங்கலில் ஒரு மேலாளர் போகிறபோக்கில் உதிர்க்கும் சொல், ஒருவரின் பிழைப்பையே கெடுத்துவிடக்கூடும். பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் கருத்து அவதூறாகாது என்ற விலக்கு பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. ஆயினும், அந்த விலக்கைக் காட்டித் தப்புவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும் என்பதால் நிறுவனங்கள் முன்கூட்டியே வாயை அடைத்துவிடுவதில் வியப்பில்லை.

சிக்கல், அந்த விதி நடைமுறையில் படும் பாட்டில் இருக்கிறது. சனிக்கிழமை காலை, அறையைக் காலி செய்யும் விருந்தினர்கள் பெட்டிகளோடு வரிசையில் நிற்கும் நேரத்தில் தொலைபேசி ஒலிக்கும். “இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா சார்? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்” என்பார் விசாரிப்பவர். நிறுவன விதிப்படி நான் எதுவும் சொல்ல இயலாது என்றால், ஒரு கணம் தயங்கிவிட்டு, “ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். சொல்லாததையே பதிலாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்குதான் தொடங்குகிறது. சில மேலாளர்கள் தமக்குப் பிடித்தவருக்கு மட்டும் விதியை மீறி நாலு நல்ல வார்த்தை சொல்வதால், அடுத்தவரைப் பற்றிய மௌனம் குற்றச்சாட்டாகவே மாறிவிடுகிறது. விதி என்றால் நல்ல ஊழியருக்கும் சுமாரான ஊழியருக்கும் ஒரே வாசகத்தைச் சொல்லி, ஹெச்.ஆர். பிரிவின் மின்னஞ்சலைக் கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டும். நெருங்கிப் பழகியவருக்கு இது மனக்கஷ்டம்தான். வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் போனாலும் எல்லாருக்கும் விடிவு கிடைத்துவிடுவதில்லை. சீசனுக்காக ஒப்பந்ததாரர் மூலம் எடுக்கப்படும் அறைப் பணியாளர், சமையல் உதவியாளர், காவலர் ஆகியோரின் பெயர் விடுதியின் ஊழியர் பட்டியலிலேயே இருக்காது, அவர்களுடைய பி.எஃப். பணமும் ஒப்பந்ததாரரின் பெயரில்தான் செலுத்தப்பட்டிருக்கும். எங்கள் சீருடையை அணிந்து, எங்கள் மேற்பார்வையாளரின் கீழ் மாதக்கணக்கில் உழைத்த பையன், “இங்கே வேலை பார்த்தேன்” என்று விண்ணப்பத்தில் எழுதுகிறான். எங்கோ ஒரு நகரத்தில் கணினியைப் பார்த்துப் பதில் எழுதும் அலுவலரோ, “அப்படி ஒருவர் எங்களிடம் பணியாற்றியதாகப் பதிவு இல்லை” என்று எழுதுகிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பொய்யன் என்ற பெயர் பையனுக்கு மட்டும். இதுபோக, ஆதாரில் விரித்து எழுதிய தகப்பனார் பெயர் பணிச் சான்றிதழில் வெறும் இனிஷியலாகச் சுருங்கியிருப்பதால், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பும் விசாரணைகளும் உண்டு.

ஆகவே, பதில் சொல்லும் உரிமையை ஓரிடத்தில் குவிக்கும் நிறுவனங்கள், விலகும் நாளிலேயே ஊழியரின் கையில் ஒரு முழுமையான கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, ஊழியர் எண், உண்மையில் செய்த வேலை ஆகியவற்றோடு, விசாரணைக்கு உரிய ஒரே முகவரியும் அதில் இருக்கட்டும். தலைமை அலுவலகம் மட்டுமே விசாரணைகளுக்குப் பதில் அளிக்கும், அதுவும் தேதியையும் பதவியையும் மட்டுமே உறுதிசெய்யும் என்பது எல்லா ஊழியருக்கும் பொதுவான விதி என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், எங்களைப் போன்றோரின் மௌனத்துக்கு வேறு அர்த்தம் கற்பிக்க இடமிருக்காது. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கு, அவர் எந்த விடுதியில் பணியாற்றினார் என்பதை ஒப்பந்ததாரரும் விடுதியும் சேர்ந்தே எழுதிக் கொடுக்கலாம்.

வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் தொலைபேசியில் கிடைக்கும் ஒற்றைச் சொல்லை நம்பிக்கொண்டிராமல், விண்ணப்பதாரரிடமே பி.எஃப். பாஸ்புக், சம்பளச் சீட்டு, வருமான வரி பிடித்தம் இருந்தால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யு.ஏ.என். என்ற நிரந்தர எண்ணைக் கொண்டு அவரே தம் பணி வரலாற்றை இணையத்தில் எடுத்துவிட முடியும். பி.எஃப். வரம்புக்குள் வராத சிறிய காட்டேஜ்களில் வேலை பார்த்தவருக்கு இந்த வசதியும் இல்லை என்பதால், அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கத் தொடங்கும் முன்பே இந்தக் கடித முறையைக் கொண்டுவர உதகை, குன்னூர், கோத்தகிரி விடுதி உரிமையாளர்கள் தமக்குள் பேசி முடிவெடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி ஊழியர் ஒருவர்,
குன்னூர்.