வீடியோ பார்த்த, பார்க்காத வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

"போலீஸ் பேசுவதைக் கேட்க மிஷின் விற்கும் கடை" என்று ரிச்சி தெருவில் நம் கடை வாசலைக் காட்டி ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பெயர்ப் பலகை பாதிதான் தெரிகிறது. தெருவுக்கே அது போதும்.

மண்டபத்துக்கும் கட்டட வேலைக்கும் வாக்கி டாக்கி வாங்கிப் போகிறவர்களுக்கு நம்மைத் தெரியும். ஆனாலும் வீடியோவில் சொன்ன 'ஒட்டுக்கேட்கும் கடை' என்ற பெயர் உறுத்துகிறது. ஸ்கேன் பட்டனை அழுத்தினால் அக்கம்பக்கத்தில் யார் பேசுகிறார்களோ அங்கே போய் நிற்கும். அது செட்டின் குணம். போன மாதம் ஒருவர் கல்லா முன்னால் செட்டைச் சோதித்தபோது, எங்கோ ஓர் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியின் குரல்: "மூணாவது மாடிக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க, பாலை எடுத்து வை." சிரித்தோம். அப்புறம்தான் சுருக்கென்றது. நல்லவேளை, கேட்டது நாங்கள். உடனே சேனலை மாற்றினேன். இப்படித் தவறிக் காதில் விழுவதும், அலைவரிசையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து கேட்பதும் ஒன்றா? லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் அன்பர் 'சிக்யூ' ('யார் வேண்டுமானாலும் பேசலாம்') என்று கூப்பிடுவது எல்லாரையும்தான், தாராளமாகக் கேட்கலாம். செக்யூரிட்டி நம்மைக் கூப்பிடவில்லையே.

"காற்றில் வருவதுதானே சார்" என்பவர்களுக்கு: 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் உரிமம் இல்லாமல் செட் வைத்திருப்பதையே குற்றம் என்றது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாங்கள் லைசென்ஸ் கேட்காமல் கொடுப்பது, அது தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸில் பேசும் சின்ன செட்டுகள் மட்டுமே. ஹாம் செட்டுக்கு லைசென்ஸ் நகல் வேண்டும். இது இன்று நேற்று வைத்த வழக்கமல்ல. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

வீடியோ வந்த அன்றே போன் செய்து "நாங்க இருக்கோம்ணே" என்ற கேமரா தம்பிகளுக்கும், நேரிலேயே வந்து நின்ற ஹாம் அன்பர்களுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்!

டெக்னீஷியன் தம்பி வேலையை விட்டுவிட்டதால் இனி புரோகிராமிங் (செட்டில் சேனல் பதிவது) வியாழக்கிழமை மட்டும், செட்டுக்கு 200 ரூபாய். அந்தத் தம்பி யாருக்காவது கூடுதலாக ஒன்றிரண்டு சேனல் போட்டுக் கொடுத்திருந்தால் கொண்டுவாருங்கள், அழித்துத் தருகிறோம். அதற்குக் காசு வேண்டாம், பில்லும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்