பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். புளி உலுக்கி முடிந்தது. இந்த ஆண்டு காய்ப்பு குறைவு. சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொடுக்க நீ கேட்ட சிறுகுறிஞ்சான் இலையைச் சித்தேரி மலை அடிவாரத்தில் பறித்து வந்து நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டியும் வைத்துவிட்டேன். பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிட ஒரு நாள் போதும். இன்னும் போடவில்லை. மனம் வரவில்லை.

சிறுமியாக இருந்தபோது அந்த இலையை உனக்கு மெல்லக் கொடுத்துவிட்டு, வெல்லக்கட்டியை வாயில் போடுவேன். மண் மாதிரி இருக்கிறது என்று துப்புவாய். நாக்கு சிறிது நேரம் இனிப்பை மறக்கிறது, அவ்வளவுதான் பாப்பா. உன்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே. இன்சுலின் போடுகிறவர்களிடம் ஒரு வேளைகூட நிறுத்தச் சொல்லாதே. மாத்திரையோடு இந்தப் பொடியையும் தின்றால் சிலருக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார்கள். அவர்களுடைய டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதே.

பொங்கலன்று மாப்பிள்ளை நீ பேசிய கூட்டத்தின் பதிவைக் கைப்பேசியில் காட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் தடுமாறாமல் பேசினாய். கீழாநெல்லியைத் திருப்பிப் பிடித்து, இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காயைக் காட்டினாயே, அது ஏரிக்கரையில் நான் சொல்லிக் கொடுத்தது. அம்மா இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படாமல் எப்படி இருப்பேன்?

ஆனால் சித்த மருத்துவம் படிக்கவே ஐந்தரை ஆண்டு ஆகிறது. நீ படித்தது கணக்கு. நான் அதுவும் படிக்கவில்லை. முப்பது ஆண்டு என் அப்பாவின் பின்னால் காட்டில் நடந்தேன். நீ கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளாவது என்னோடு காட்டுக்கு வந்தாயா? கண்ணையும் நாக்கையும் பார்க்காமல், போனில் குரலை மட்டும் கேட்டு மருந்து சொல்கிறாய் என்று மாப்பிள்ளை பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே.

நம் ஊர்ப் பிள்ளைகளின் பற்கறைக்கு எத்தனை ஆண்டு கடுக்காயும் வேப்பம்பட்டையும் இடித்துக் கொடுத்தேன், காசும் வாங்கினேன். ஒரு பல்லும் வெளுக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது ஃபுளூரைடு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது, அந்தப் பொடி டப்பாவை உன் அம்மாதான் பரணில் தூக்கிப் போட்டாள்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. அந்தப் பதிவின் கடைசியில் நான் எழுந்து வெளியே போனேன். கோபம் என்று நினைத்து நீயும் பேசாமல் ஊருக்குப் போய்விட்டாய். பங்குனி வந்துவிட்டது, ஒரு போன் இல்லை. "எங்கள் அத்தை காமாலையை மறைத்துவிட்டார், முன்பே அப்பாவிடம் வந்திருந்தால் மூலிகையே காப்பாற்றியிருக்கும்" என்று அந்தக் கூட்டத்தில் சொன்னாய்.

அத்தை மூன்றாம் நாளே வந்துவிட்டாள். பதினெட்டு நாள் நம் வீட்டுத் திண்ணையறையில் என் வைத்தியத்தில் இருந்தாள். நீ அப்போது அம்மாச்சி வீட்டில். விடிவதற்குள் கீழாநெல்லியை வேரோடு அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம். காமாலை பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். அப்படி இறங்கியதில் கிடைத்த பெயர்தான் எனக்கு. அத்தைக்கு இறங்கவில்லை. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து முழங்கையில் இரத்தம் கட்டியது. மலம் சுண்ணாம்பாக வெளுத்தது. பித்தம் இறங்கும் வழி அடைபட்டால் அப்படித்தான் வெளுக்கும். வெளுத்தால் வைத்தியத்தை விட்டுவிடு என்று என் அப்பா எனக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார். வாசலில் வேறு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தத் தங்கையையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு நாள், இரண்டு நாள் என்று தள்ளினேன். குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்ட பிறகே தருமபுரிக்குக் கார் பிடித்தேன். பித்தக்குழாயில் கல், சீழ் பிடித்துவிட்டது என்றார்கள்.

அவள் மறைத்துவிட்டாள் என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னது நான்தான். அம்மாவுக்குத் தெரியும். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்லாதே, பாப்பா. சொல்வதானால் நடந்ததைச் சொல்.

அத்தை மகன் வைகாசியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். அவன் இன்றைக்கும் பிள்ளைக்குச் சளி என்றால் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறான். அவனிடம் சொல்ல வேண்டும். நீ இரண்டு நாள் முன்னதாக வந்தால், உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன். மூட்டையை அப்போது எடுத்துக்கொள்.

அப்பா